ஜோடி வீட்டுப் பெரியம்மா

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, அண்ணன், அண்ணி, வாலு எல்லோரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கிச் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறார். அண்ணனுக்கு அச்சகத்தில் இந்த மாதமும் இரண்டாவது ஷிப்ட்தான், மை வாசத்தோடு வந்து பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறான். வாலுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, அத்தை என்று சொன்னால் பாதிக் காற்றுதான் வருகிறது, அதைக் கேட்க நீ இங்கே இல்லையே என்று இருக்கிறது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை அப்பாவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது, என்னுடையதுதான் தோளில் கொஞ்சம் இறுக்கம், நான் பெருத்துவிட்டேன் என்று நினைக்காதே, துவைத்ததில் சுருங்கிவிட்டது என்று வைத்துக்கொள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, அம்மா ஏன் உட்கார்ந்து எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். போனில் சொன்னால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ 'சரி விடும்மா, எல்லாம் சரியாயிடும்' என்று சொல்லிவிடுவாய். இதை அப்படி விட எனக்கு இஷ்டமில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டேன், மனசு நன்றாக இருக்கிறது என்று எழுதக் கை வரவில்லை பாப்பா. தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டம்.

நம் தோட்டத் தெருவுக்கும் பின்பக்கம் இருக்கும் தோட்டக் குறுக்குத் தெருவுக்கும் நடக்கும் கூத்து உனக்குத் தெரியாததில்லை. நீ இங்கே இருந்த காலத்தில் எப்போதாவது ஒரு தபால் மாறும், ஒரு விருந்தாளி மாறுவார், அவ்வளவுதான். இப்போது ஆளாளுக்குப் போனைத் தட்டி ஊசி நூல்கூட வாசலுக்கு வரவழைக்கிறார்கள், கொண்டுவருகிறவர்களுக்கோ 'குறுக்கு' என்ற வார்த்தையைப் படிக்கப் பொறுமை கிடையாது, நம்பரைப் பார்த்தார்களா, கதவைத் தட்டினார்களா, பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்களா, முடிந்தது. இந்தத் தெரு ஒன்பதாம் நம்பருக்கு வர வேண்டியது அந்தத் தெரு ஒன்பதாம் நம்பருக்குப் போகும், அங்கே போக வேண்டியது இங்கே வரும். அதனால் எல்லோரும் இப்போது ஜோடி வீடு, ஜோடி வீடு என்றே பேசுகிறார்கள். தையல்காரருக்குக் கண்ணாடிக்கடைக்காரர் ஜோடி. பேக்கரிக்காரருக்கு ஒரு ரிட்டயர்டான பேங்க் மேனேஜர் ஜோடி, இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது, ஆனாலும் ஒருத்தர் பார்சலை ஒருத்தர் ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள், கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நமக்குப் பதினாலாம் நம்பர், நம் ஜோடி உன் பெரியம்மா. கூடப் பிறக்காத அக்கா எனக்கு, தபால்காரர் தவறிப்போய்க் கொண்டுவந்து கொடுத்த அக்கா என்று நான் கேலி செய்வேன், அவளும் 'போடி வாயாடி' என்பாள். ஜோடி வீடு என்றால் சும்மா இல்லை பாப்பா. எந்த வீட்டில் யார் என்ன மருந்து சாப்பிடுகிறார்கள், யார் முடிக்கு மை பூசுகிறார்கள், யார் வீட்டுப் பிள்ளை எந்தப் பாடத்தில் தவறியது, எல்லாம் ஜோடி வீட்டுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் வாய் திறக்கக் கூடாது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே இரண்டு தெருவும் காப்பாற்றிக்கொண்டு வந்த ஒழுங்கு அது.

போன மாதம் நகராட்சியிலிருந்து ஒரு சின்ன வயசு அதிகாரி வந்தாள். இந்தப் பக்கத்துக்குப் புதுசு. இரண்டு தெருவில் ஒன்றுக்குப் பெயர் மாற்றியே ஆக வேண்டும், குறுக்குத் தெரு பின்னால் வந்தது, அதனால் அதை மாற்றலாம் என்று மேலிடத்தில் யோசிக்கிறார்கள், ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கக் கூட்டம் போடுகிறோம் என்றாள். பள்ளிக்கூட ஹாலில்தான் கூட்டம். பெரிய நாற்காலிகளை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோரும் ஒண்ணாம் கிளாஸ் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள், அதைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்பா என் கையில் இடித்தார். முதலில் புதுப் பெயர் என்ன என்று ஆரம்பித்தது. கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து தன் அப்பா பெயரை வைக்கலாம் என்றார், அவர் அப்பா என்ன செய்தார் என்று கேட்டால் 'எங்கப்பா ரொம்ப நல்லவருங்க' என்றார். பேக்கரிக்காரர் பேக்கரித் தெரு என்று வைத்தால் வழி கேட்க வேண்டியதே இல்லை என்றார். அமைதித் தெரு என்று வைக்கலாம் என்று ஒருத்தர் கத்தின கத்தலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதிகாரி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, கடைசியில் பெயர் இருக்கட்டும், மாற்றம் வேண்டுமா வேண்டாமா என்று முதலில் சொல்லுங்கள் என்றாள். அங்கேதான் சண்டை பிடித்தது. குறுக்குத் தெருக்காரர்கள் எங்கள் பெயரை ஏன் மாற்ற வேண்டும், உங்கள் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். நம் தெருக்காரர்கள் நாங்கள்தான் முதலில் வந்தவர்கள் என்றார்கள். கண்ணாடிக்கடைக்காரர் மறுபடி எழுந்து, எதையும் மாற்ற வேண்டாம், ஜோடி வீடு முறை நன்றாகத்தான் நடக்கிறது, பார்சல் நாலு போகும் நாலு வரும், அதைத் தவிர என்ன நடந்துவிட்டது, பொம்பளைங்க சும்மா பெரிசு பண்றாங்க என்றார். சொல்லும்போது என்னைப் பார்த்தார். மாற்றம் வேண்டும் என்று வீடு வீடாகப் பேசிக்கொண்டு திரிந்தவள் நான்தானே. அந்த அதிகாரியும் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டு, பார்சல் தவிர வேறு ஏதாவது பெரிய சிரமம் யாருக்காவது ஏற்பட்டிருக்கிறதா, அப்படி இருந்தால்தான் மேலே சொல்ல வசதியாக இருக்கும் என்றாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மைக்கை வாங்கிவிட்டேன்.

மைக்கைக் கண்டால் உன் அம்மாவுக்கு வாய் நிற்காது என்று உனக்குத் தெரியும். நான் சொன்ன கதை இதுதான். நீ கல்யாணமாகிப் போன புதிதில் ஒரு காலை நேரம். அப்பா முன்னறைக் கண்ணாடி முன்னால் பனியனோடு முகம் முழுக்க சோப்பு நுரையைப் பூசிக்கொண்டு நிற்கிறார். வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. தாட்டியாக இரண்டு பேர் இறங்கி, நம்பரைப் பார்த்துவிட்டு நேராக உள்ளே வந்து, ஆளுக்கொரு பக்கமாக அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, 'வாங்க சார், ஒண்ணும் பயப்படாதீங்க, பத்தே நாள்ல புது மனுஷனா திரும்பி வரலாம்' என்கிறார்கள். குடியை நிறுத்துகிற ஆஸ்பத்திரி ஆட்கள். அப்பா நடுங்கிப்போய், 'நான் குடிக்கிறதே இல்லப்பா' என்கிறார். அதற்கு அவர்கள், 'எல்லாரும் அப்படித்தான் சார் சொல்வாங்க' என்கிறார்கள். நான் கரண்டியோடு ஓடி வந்து, அவர் டீயைக்கூட லைட்டாகத்தான் குடிப்பார் என்று கத்துகிறேன். இதை நான் அப்பா மாதிரியும் அந்த ஆட்கள் மாதிரியும் குரல் மாற்றிச் சொன்னேன். ஹாலே சிரித்தது பாப்பா. அந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பேங்க் மேனேஜர்கூடச் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கூடச் சொன்னேன், அப்பாவை வண்டிப் படி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனதாக. அப்படியெல்லாம் போகவில்லை.

யார் வீட்டுக்கு வந்த வண்டி என்று நான் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. பெயரைச் சொல்லாவிட்டால் போதும், ரகசியம் ரகசியமாகவே இருக்கும் என்று என் புத்திக்குத் தோன்றியது. வேறு எந்த ஊரில் சொல்லியிருந்தாலும் அது அப்பாவைப் பற்றிய வேடிக்கைக் கதைதான். இந்த இரண்டு தெருவில் மட்டும் எங்கள் வீட்டுக்குத் தப்பி வந்துவிட்டது என்று சொன்னால், அது எந்த வீட்டுக்கு வர வேண்டியது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பின் பெஞ்சில் சிரிப்பு முதலில் நின்றது. பிறகு நடுவில் நின்றது. ஒவ்வொரு தலையாக ஜன்னல் பக்கம் திரும்பியது. அங்கே பெரியம்மா உட்கார்ந்திருந்தாள், மடியில் பையை வைத்துக்கொண்டு. அவளும் கொஞ்ச நேரம் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்திருப்பாள் போலிருக்கிறது, அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே மறந்துபோய் நின்றிருந்தது. அன்றைக்கு அந்த வண்டியை வரச் சொன்னதே பெரியம்மாதான், அவள் பையனுக்காக. அன்று சாயங்காலம் நம் சமையலறையில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, 'உன் வயித்துக்குள்ள வெச்சுக்கடி, அவன் திருந்தி வந்தா நாலு பேர் முன்னாடி நிக்கணும்' என்று அழுதாள். நான் அவள் தலையைத் தொட்டுச் சொன்னேன், என் உசிரு போனாலும் வெளியே வராதுக்கா என்று. உன் அண்ணனுக்குச் சொல்லவில்லை, அண்ணிக்குச் சொல்லவில்லை, உனக்குச் சொல்லவில்லை. அந்தப் பையன் திருந்தியும் வந்தான். இத்தனை வருஷம் ஒரு சொட்டுத் தொடாமல், இப்போது இந்த இரண்டு தெருப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிற ஸ்கூல் வேனை ஓட்டுகிறான். உசிரு போகிற வரைக்கும் என்று சொன்னேன், ஒரு ஹால் சிரித்ததும் கொடுத்துவிட்டேன்.

அதோடு முடியவில்லை. அந்த அதிகாரிக்கு இந்த ஜோடி விவகாரம் ஒன்றும் தெரியாது, பாவம், அவள் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டாள், அப்போ அந்த வண்டி எந்த வீட்டுக்குப் போக வேண்டியது என்று. நான் அது வேண்டாங்க, அது வேண்டாங்க என்று உளறினேன். யாரோ ஒருத்தர், அந்தத் தெருப் பதினாலாம் நம்பர் அம்மா இங்கேதான் இருக்கிறார்கள் என்று கையைக் காட்டிவிட்டார். உடனே அதிகாரி அவளைப் பார்த்து, உங்களுக்கும் இந்த மாதிரி அவர்கள் வீட்டு விஷயம் ஏதாவது மாறி வந்து சங்கடப்பட்டிருக்கிறீர்களா, தயங்காமல் சொல்லுங்கள் என்றாள். பெரியம்மா எழுந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஏன் மூடிக்கொண்டேன் என்று உனக்கு இப்போது சொல்கிறேன், இதுவும் உனக்குத் தெரியாது. நீ வீட்டுக்கு வந்து அந்த உள் அறையிலேயே படுத்துக் கிடந்தாயே, அந்த நாளில், உன் பெயரைக் கேட்டுக்கொண்டு கோர்ட் ஆள் வந்தானே, அவன் முதலில் போனது பெரியம்மா வீட்டுக்குத்தான். வாசலில் நின்று உன் பெயரையும், மாப்பிள்ளை பெயரையும், விவாகரத்து வழக்கு என்றும் சத்தமாகப் படித்திருக்கிறான். அவள் அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, தெரு வழியாக அனுப்பினால் நாலு பேரிடம் விசாரிப்பான் என்று, தானே கூட நடந்து பின்வழியாக நம் கொல்லைக் கதவுக்கு அழைத்து வந்தாள். வழியில் யாராவது கேட்டால் தண்ணீர்க் குழாய் ரிப்பேருக்கு வந்த ஆள் என்று சொல்ல யோசித்து வைத்திருந்தாளாம். நம் வீட்டில் அன்றைக்கு அழுத அழுகை எல்லாம் அவளுக்குத் தெரியும். பிறகு நீ வேலை தேடி அந்த ஊருக்குப் போனதும் நானும் அப்பாவும் தெருவில், மாப்பிள்ளைக்கு அங்கே வேலை மாற்றமாகிவிட்டது, இரண்டு பேரும் சேர்ந்துதான் போயிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தோம். அவள் பக்கத்தில் நிற்கும்போதே சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட அவள் முகம் மாறினதில்லை. ஆமாம் ஆமாம், நல்ல இடமாம் என்று எடுத்துக்கூடக் கொடுத்திருக்கிறாள்.

அப்படிப்பட்டவள் எழுந்து நின்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். 'எங்க வீட்டுக்கு அவங்க வீட்டு விஷயம் எதுவுமே வந்ததில்லைங்க' என்றாள். அதிகாரி நம்பாமல், இத்தனை வருஷத்தில் ஒன்றுகூடவா என்றாள். 'ஒண்ணுகூட வந்ததில்லைங்க, வந்திருந்தா சொல்ல மாட்டேனா' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் வாங்கிக்கொண்டிருப்பேன் பாப்பா. உன் கதையை எடுத்து ஹாலில் போட்டிருந்தால்கூட, எனக்கு வேண்டியதுதான் என்று இருந்திருப்பேன். அந்த ஒரு வார்த்தையில் என்னைக் கூனிக்குறுக வைத்துவிட்டாள். கூட்டம் முடிந்ததும் அதிகாரி என்னிடம் வந்து கை கொடுத்து, உங்கள் அனுபவம்தான் ரொம்ப உதவியாக இருந்தது, இனி குறுக்குத் தெருவுக்குப் பெயர் மாற்றுவதில் தடை இருக்காது என்றாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா எனக்கு முன்னால் நடந்தார். ஒரே ஒரு தடவை திரும்பி, 'அந்தக் கதை நம்மளோடது இல்ல, தெரியுமா' என்றார். அன்றிலிருந்து சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார், கேட்டால் பதில் சொல்கிறார், தானாக ஒன்றும் பேசுவதில்லை.

மறுநாள் பெரியம்மாவுக்கு வந்த பார்சல் ஒன்று வழக்கம்போல நம் வீட்டில் இருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் என்னென்னவோ சொல்லிப் பார்த்துக்கொண்டேன். காலில் விழுந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவள் கேட் வரைக்கும் வந்தாள், கேட்டைத் திறக்கவில்லை, அதற்கு மேலாகக் கையை நீட்டிப் பார்சலை வாங்கிக்கொண்டாள். 'ரொம்ப நன்றிங்க, உங்களுக்குத்தான் சிரமம்' என்றாள். என்னைப் போய் நீங்க என்கிறாள். வாடி, போடி, சோம்பேறி என்று கூப்பிட்ட வாய். நான் அக்கா என்று ஆரம்பித்தேன், 'அடுப்புல வெச்சிருக்கேங்க' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் அவள் அடுப்பே பற்றவைக்க மாட்டாள். அப்புறம் திரும்பி வந்துவிட்டேன்.

ஆனால் இதெல்லாம் என் வருத்தம், இதைவிடப் பெரியது அந்தப் பையன் பிழைப்பு. திங்கட்கிழமை வேன் வந்து முனையில் நின்றது, ஏறினது பாதிப் பிள்ளைகள்தான். மீதிப் பிள்ளைகளை அப்பாமார் பைக்கில் கொண்டுபோய் விட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம், பிள்ளைக்குத் தலை சுற்றுகிறது, வேன் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆளுக்கொரு சாக்கு. இதில் பெரிய வெட்கம் என்ன தெரியுமா, நம் வாலுவும் ஏறவில்லை. உன் அண்ணி நிறுத்திவிட்டாள். நான் அவளிடம் சண்டைக்குப் போனேன், அந்தப் பையன் தங்கம், இத்தனை வருஷமாக எந்தத் தப்பும் கிடையாது என்றேன். உன் அண்ணி கோபப்படாமல், 'நீங்கதானே அத்தை மைக்ல சொன்னீங்க, நான் எப்படிப் புள்ளையை அனுப்பறது' என்றாள். அவளை நான் என்ன குறை சொல்வது, அவள் பெற்றவள். பள்ளிக்கூடத்திலிருந்து அந்தப் பையனைக் கூப்பிட்டு, இந்த மாதம் முடியட்டும், பிள்ளைகள் திரும்பி வராவிட்டால் வேறு டிரைவரைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார்களாம். அவன் சரிங்க என்று மட்டும் சொல்லிவிட்டு, வேனைக் கழுவி நிறுத்திவிட்டு வந்தானாம். பேக்கரிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்பாதான் ஒரு வேலை செய்தார். மறுநாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, உன் அண்ணியிடம் போய், 'நான் கூடவே போறேம்மா, கொண்டுபோய் விட்டுட்டு கூட்டிக்கிட்டும் வரேன், அப்ப அனுப்புவியா' என்று கேட்டார். அவளால் மறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து தினமும் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு வேனில் ஏறி முன் சீட்டில், டிரைவர் பக்கத்தில், ஊர் பார்க்க உட்கார்ந்துகொண்டு போகிறார். பிள்ளைகள் அவரைத் தாத்தா பிரேக், தாத்தா ஹாரன் என்று பாடாய்ப் படுத்துகிறார்களாம். வாலு வந்து, தாத்தா ஒவ்வொரு வளைவிலும் கையைக் காட்டுகிறார் என்று ஓட்டைப் பல்லோடு நடித்துக் காட்டுகிறது. அப்பா போக ஆரம்பித்ததும் இரண்டு மூன்று பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள், முழுக்க வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனதாக நான் யாரை வைத்துக் கேலி செய்தேனோ அந்த மனிதர் வாயே திறக்காமல் உட்கார்ந்து சரி செய்கிறார், வாய் கிழியப் பேசின நான் வீட்டில் உட்கார்ந்து சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உன்னிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். இந்த மாதக் கடைசியில் அதே ஹாலில் இன்னொரு கூட்டம், புதுப் பெயரை முடிவு செய்ய. ஆட்சேபணை சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று அதிகாரி சொல்லியிருக்கிறாள். நான் எழுந்து பேச வேண்டும் என்று நினைக்கிறேன். பெரியம்மா பையனைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன், அந்தப் பேச்சை நல்லதாகக்கூட எடுக்க மாட்டேன், போன தடவை எடுத்ததே போதும். நம் வீட்டுப் பேச்சை மட்டும் பேச வேண்டும். என் பெண்ணுக்கு விவாகரத்து ஆகிவிட்டது, கோர்ட் ஆள் வந்து நின்றது அந்தப் பதினாலாம் நம்பர் வாசலில், அந்த வீட்டில் இருக்கிறவர்கள் இன்று வரைக்கும் யாரிடமும் மூச்சு விடவில்லை, என்னிடம் வந்ததை நான் கூட்டத்தில் வைத்துச் சிரித்தேன், இவ்வளவுதான். இதைச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் வேனுக்குத் திரும்பி வந்துவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை, அவ்வளவு அசடு இல்லை நான். இரண்டு தெருவும் திரும்பிப் பார்க்கிற மாதிரி அவளைத் தனியாக அந்த ஜன்னல் பக்கம் உட்கார வைத்துவிட்டேன். அவள் பக்கத்தில் போய் உட்கார எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆனால் அதுவும் என் கதை இல்லை பாப்பா, உன் கதை. அப்பா சொன்ன அந்த ஒரு வாக்கியம் காதிலேயே நிற்கிறது. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். உனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வரி எழுது, காரணம் எழுத வேண்டாம், நான் கேட்கவும் மாட்டேன், கூட்டத்துக்குப் போய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருகிறேன். எனக்காகச் சரி என்று எழுதிவிடாதே. இன்னொன்றும் எழுத வேண்டும், எழுதும்போதே கண் கலங்குகிறது. மாப்பிள்ளையும் அங்கேதான் இருக்கிறார் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது உனக்காக என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், நீ தனியாகப் போய் நின்று வேலை தேடி, வீடு பிடித்து, எங்களுக்குச் சட்டை வாங்கி அனுப்புகிறாய், அதில் மறைக்க என்ன இருக்கிறது. எனக்குத்தான் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று இருந்தது. உன்னைக் கேட்காமலேயே உன்னை மறைத்தும் வைத்தேன். அதற்கும் சேர்த்து அம்மாவை மன்னித்துவிடு.

வேளைக்குச் சாப்பிடு. குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே, சிரிக்காதே, உனக்குச் சின்ன வயசிலிருந்து அது ஒத்துக்கொள்ளாது. வேலை இடத்தில் யாராவது உன்னை நம்பி ஏதாவது சொன்னால் அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வா, இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். அப்பாவும் நானும் நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று வாழ்த்துகிறோம். அண்ணன், அண்ணி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள், வாலு தன் விழுந்த பல்லை உனக்கு அனுப்ப வேண்டும் என்று அடம் பிடிக்கிறது, நான் ஒத்துக்கொள்ளவில்லை. பதிலைக் கூட்டத்துக்கு முன்னால் வந்து சேரும்படி போடு, தபாலிலேயே போடு. மாறிப்போய்ப் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுமோ என்று பயப்படாதே. அங்கே போனால் பத்திரமாக இருக்கும்.

இப்படிக்கு,
உன்னைக் கேட்காமல் இனி ஒரு வார்த்தை பேச மாட்டாத
உன் அம்மா